தாளின் அடியில் இருக்கும் ஷெரீஃப்: அலபாமா தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்ட்கோமரியிலும் அதைச் சுற்றியுள்ள கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு, முக்கியமாக இந்த நாலைந்து வருடத்தில் குடியுரிமை வாங்கியவர்களுக்கு,

வணக்கம்.

பொங்கல் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் 2022 தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கவர்னர், செனட்டர் ரெண்டு பேருக்கும் போட்டேன் அண்ணா. கீழே யார் யாரோ பேர் இருந்துச்சு, ஒருத்தரையும் தெரியாது, விட்டுட்டேன்" என்றார். எதிரில் இருந்தவர் இன்னும் எளிதாக முடித்திருக்கிறார். தாளின் உச்சியில் கட்சிக்கென்று இருக்கும் ஒற்றை வட்டத்தை நிரப்பிவிட்டு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாராம். அந்த "யார் யாரோ"வில் ஷெரீஃப்பும் இருந்தாரா என்று கேட்டேன். "ஷெரீஃப்னா நம்ம ஊர் எஸ்.பி. மாதிரிதானே, அதுக்கு எதுக்கு ஓட்டு?" என்று பதில் வந்தது.

பந்தியில் வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை, பாயசம் வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல். 2026 ஷெரீஃப் தேர்தல் வருடம். மே 19 அன்று கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல், நவம்பர் 3 அன்று பொதுத் தேர்தல். இந்த மாநிலத்தின் 67 கவுண்டிகளும் தங்கள் ஷெரீஃப்பைத் தேர்ந்தெடுக்கப் போகின்றன.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன்னால் இரண்டாவது ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் ஏதோ வேலை நடந்ததால் உள்ளே ஒரு கவுண்டி ரோட்டில் திரும்பினேன். எந்தக் கவுண்டி என்பது வேண்டாம். இரவு பதினொன்றரை இருக்கும். வலப்பக்கப் புதரிலிருந்து ஒரு மான் எகிறி நேராக பானெட்டில் விழுந்தது. ரேடியேட்டர் போயிற்று. 911ஐ அழைத்தேன். எந்த ரோடு என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியவில்லை. கடைசியாக எதைத் தாண்டி வந்தீர்கள்? ஒரு சர்ச். எந்த சர்ச்? இங்கே எட்டடிக்கு ஒரு சர்ச், நான் எதைச் சொல்ல? ஒருவழியாக ஃபோனில் இருந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். டெபுடி, அதாவது ஷெரீஃப்பின் கீழ் வேலை பார்க்கும் காவலர், வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. எனக்கு அடிபடவில்லை, அதனால் அந்த ஐம்பது நிமிடம் வெறும் கொசுக்கடியோடு போயிற்று. அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

வந்தவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். "இன்றைக்கு ராத்திரி நானும் இன்னொருவரும்தான். அவர் கவுண்டியின் அந்தக் கோடியில் ஒரு குடும்பச் சண்டைக்குப் போயிருக்கிறார். நான் வேறொரு இடத்தில் இருந்தேன்" என்றார். டார்ச் அடித்து மானைப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்கு வேண்டுமா, இல்லை நான் யாருக்காவது சொல்லிவிடட்டுமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். நான் சைவம் என்று அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அந்த இரவில் அத்தனை பெரிய கவுண்டிக்கும் சட்டம் என்பது இரண்டு பையன்களும், ஃபோன் எடுத்த ஓர் அம்மாளும், ஜெயிலில் சாவி வைத்திருந்த ஒருவரும்தான். அவர்களை வேலைக்கு எடுத்தவர் ஒருவர். கையில் பேட்ஜ் கொடுத்தவரும் அவரே. இரவுக்கு இரண்டு பேர் போதும் என்று பிரித்தவரும் அவரே. அவருடைய பெயர்தான் நாம் விட்டுவிட்டு வந்த அந்தக் கீழ்வரிசையில் இருக்கிறது.

சரி, எஸ்.பி. விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.பி.யை அரசாங்கம் நியமிக்கும், பிடிக்கவில்லை என்றால் மறுநாளே வேறு மாவட்டத்துக்குத் தூக்கியடிக்கும். ஷெரீஃப்பை கவர்னரால் அப்படி மாற்ற முடியாது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், இடையில் நீக்குவதென்றால் விசாரணை, உச்ச நீதிமன்றம் என்று நீளும். நம் ஊரில் இதற்கு நிகரான பதவியே கிடையாது. சென்னையில் ஒரு காலத்தில் ஷெரீப் என்று ஒருவர் இருந்தார், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விமான நிலையத்தில் விருந்தாளிகளுக்கு மாலை போடும் கௌரவப் பதவி அது. வேர் ஒன்றுதான். பழைய இங்கிலாந்தில் 'ஷையர்' என்றால் மாவட்டம், 'ரீவ்' என்றால் மன்னருக்காக அதைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர். இரண்டும் சேர்ந்து தேய்ந்து ஷெரீஃப் ஆயிற்று. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அது மாலையோடு நின்றுவிட்டது. அமெரிக்காவுக்குக் கப்பலேறியது மட்டும் துப்பாக்கி, ஜெயில், ஓட்டு மூன்றையும் சேர்த்துக்கொண்டது. இன்று இந்த நாட்டில் 3,000 ஷெரீஃப்களுக்கு மேல் இருக்கிறார்கள், 46 மாநிலங்களில் அது தேர்தல் பதவி.

சினிமாவில் பார்க்கிற ஷெரீஃப் துப்பாக்கி சுழற்றுவார். உண்மையான சின்ன கவுண்டி ஷெரீஃப் பெரும்பாலும் காகிதம் சுமக்கிறவர். கோர்ட் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது, வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்ய வைப்பது, தீர்ப்பான கடனுக்குச் சொத்தை ஏலம் விடுவது, நீதிபதி உட்கார்ந்திருக்கும்போது வாசலில் நிற்பது எல்லாம் அவர் ஆட்களின் வேலை. ஊருக்குள் நகரப் போலீஸ் இருக்கும், அதன் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கும். நெடுஞ்சாலையில் மாநில ட்ரூப்பர்கள், அதாவது மாநிலப் போலீஸ். மிச்சமிருக்கும் காடு, மேடு, மண்ரோடு, தனி வீடு அத்தனையும் ஷெரீஃப்புக்கு. ஜெயிலும் அவருடையது. "நான் நகரத்துக்குள் இருக்கிறேன், எனக்கு ஷெரீஃப் எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: நகரப் போலீஸ் பிடித்தாலும் கடைசியில் கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் அவருடைய ஜெயிலில்தான்.

ஆள் கட்டு பெரிதாக ஒன்றும் இருக்காது. ஷெரீஃப், அவருக்கு அடுத்து ஒரு தலைமை டெபுடி, ரோந்துக்குச் சில டெபுடிகள், புலனாய்வுக்கு ஒருவரோ இருவரோ, ஜெயிலைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகி, காவலர்கள், ஃபோன் எடுப்பவர்கள், அலுவலகத்தில் எல்லார் பெயரும் தெரிந்த ஓர் எழுத்தர். பணம் தருவது கவுண்டி கமிஷன், அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஷெரீஃப் கேட்பார், கமிஷன் இழுக்கும். இதில் வேடிக்கையான ஒரு சட்டம் உண்டு. ஷெரீஃப் பதவி திடீரென்று காலியானால், கவர்னர் வேறொருவரை நியமிக்கும்வரை அந்த வேலையைக் கவனிக்க வேண்டியவர் கொரோனர், அதாவது சாவுகளை விசாரிக்கும் அதிகாரி. அந்தப் பதவிக்கும் தேர்தல்தான். அதுவும் நாம் விட்டுவிடுகிற இன்னொரு வட்டம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். அதற்குப் பக்கத்துக் கவுண்டி ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர், 1965 வாக்குரிமை ஊர்வலத்தால் பெயர்பெற்ற செல்மா பாலத்தைப் பார்க்க விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு 80ஆம் நெடுஞ்சாலையில் போயிருக்கிறோம். மாண்ட்கோமரிக்கும் செல்மாவுக்கும் நடுவில் இருபுறமும் புல்வெளியும் பைன் மரமுமாக ஓர் இடம் வரும், ஏ.சி.யைக் கூட்டிவிட்டுக் கடந்துவிடுவோம். அதுதான் லவுண்டஸ் கவுண்டி. 1830இல் உருவானது, தலைநகரம் ஹேன்வில். 2020 கணக்குப்படி மக்கள்தொகை 10,311. தாம்பரத்தின் இரண்டு மூன்று தெருக்களில் அடங்கிவிடும் கூட்டம்.

1965 தொடக்கத்தில் இந்தக் கவுண்டியில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பின மக்கள். அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம். ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பட்டியலிலோ, ஓட்டுப் போடத் தகுதியுள்ள வெள்ளையர் எண்ணிக்கையைவிட அதிகப் பெயர்கள் இருந்தன. செத்தவர்கள் ஓட்டு நமக்கொன்றும் புதிதல்ல, அதனால் இதை விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஓட்டு இல்லாதவர்களுக்கு ஷெரீஃப் யார் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். டெபுடி பேட்ஜ் யாருக்குப் போகும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். 1935இல் இந்தக் கவுண்டியில் பருத்தி பறிப்பவர்கள் 100 பவுண்டுக்கு 1 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ஆயுதம் ஏந்திய கும்பல்கள் அதை அடக்கின. 'ரத்த லவுண்டஸ்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

1965 மார்ச்சில் ஜான் ஹியூலெட் என்ற உள்ளூர்க்காரரும் அவரோடு சிலரும் ஹேன்வில் கோர்ட்டுக்குப் போய், எங்களையும் பட்டியலில் சேருங்கள் என்று கேட்டார்கள். ஹியூலெட் பர்மிங்ஹாமில் வேலை பார்த்து, தொழிற்சங்கம், உரிமைப் போராட்டம் எல்லாம் பழகி, 1959இல் ஊர் திரும்பியவர். முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். சில நாள் கழித்து மறுபடி போனபோது இரண்டே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஹியூலெட், மற்றவர் கண்பார்வை இல்லாத ஒரு போதகர். அதே மார்ச் 25 அன்று, செல்மா ஊர்வலம் மாண்ட்கோமரியில் முடிந்த இரவில், ஊர்வலக்காரர்களைக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த வயோலா லியூஸோ என்ற பெண்மணியை இதே 80ஆம் நெடுஞ்சாலையில், லவுண்டஸ் எல்லைக்குள் சுட்டுக் கொன்றார்கள்.

ஆகஸ்ட் மாதம் நடந்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆகஸ்ட் 14 அன்று ஃபோர்ட் டெபாசிட் என்ற சிற்றூரில் கடைகளுக்கு முன்னால் போராடிய இளைஞர்களைக் கைது செய்து, குப்பை லாரியில் ஏற்றி ஹேன்வில் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, திடீரென்று போகலாம் என்று விட்டுவிட்டார்கள். கூட்டிப்போக ஆளோ வண்டியோ இல்லை. வெயில். அவர்களில் நான்கு பேர் குளிர்பானம் வாங்கலாம் என்று பக்கத்திலிருந்த கடைக்கு நடந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் டாம் கோல்மன். நெடுஞ்சாலைத் துறை ஊழியர். அதோடு சம்பளமில்லாத சிறப்பு டெபுடி. அவர் 17 வயது ரூபி சேல்ஸை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பியபோது, ஜோனத்தன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் அவளைக் கீழே தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். அங்கேயே செத்தார். கூட இருந்த பாதிரியார் ஒருவருக்கும் குண்டடி பட்டது. வழக்கு நடந்தது. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி கோல்மனை விடுதலை செய்தது. ஜூரிக்கு ஆள் எடுப்பதில் கறுப்பினத்தவர்களையும் பெண்களையும் ஒதுக்கி வைத்தது செல்லாது என்று அடுத்த வருடம் மத்திய நீதிமன்றம் சொன்னது, அது பிற்பாடு.

'சிறப்பு டெபுடி' என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்குப் பரீட்சை கிடையாது, சம்பளப் பட்டியல் கிடையாது. ஒரு ஷெரீஃப் தனக்கு வேண்டியவரைக் கூப்பிட்டுக் கொடுக்கும் அதிகாரம்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அந்த ஊர் மக்கள். மத்திய அரசு வாக்குரிமைச் சட்டம் கொண்டுவந்து, பதிவு செய்ய அதிகாரிகளும் வந்துசேர்ந்த பிறகு, அவர்கள் கவர்னரைப் பற்றியோ ஜனாதிபதியைப் பற்றியோ முதலில் கவலைப்படவில்லை. ஷெரீஃப், வரி மதிப்பீட்டாளர், கொரோனர் என்று கவுண்டி பதவிகளைக் குறிவைத்தார்கள். அலபாமாவில் கவுண்டி அளவில் தனிக் கட்சி தொடங்க முடியும், 20 சதவீத ஓட்டு வாங்கினால் அங்கீகாரம் உண்டு என்று ஒரு பழைய சட்டத்தை அவர்களுக்கு உதவ வந்த உரிமைப் போராட்ட மாணவர் இயக்கக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காகக் கட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும். உதயசூரியனும் இரட்டை இலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், அதன் மேல் 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்றே எழுதியிருந்தது. லவுண்டஸ் மக்கள் தேர்ந்தெடுத்தது கருஞ்சிறுத்தை, அதாவது 'பிளாக் பாந்தர்'. பிற்காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சிறுத்தை முதலில் பாய்ந்தது ஒரு ஷெரீஃப் நாற்காலிக்காகத்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும்.

ஓட்டுக் கேட்டதோடு நிற்கவில்லை. ஷெரீஃப்புக்கு என்ன அதிகாரம், கொரோனர் என்ன செய்வார், வரி மதிப்பீட்டாளர் எதை ஏற்றிக் குறைக்க முடியும் என்று படக்கதைப் புத்தகங்கள் அச்சடித்துக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டு விளக்கினார்கள். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுதவர்கள், ஓட்டுக்குப் பதிவு செய்ததற்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்டு 80ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரத்தில் கிடந்தவர்கள், ஷெரீஃப்பின் கடமைகளைப் பாடமாகப் படித்தார்கள். நாம் எம்.எஸ். படித்தவர்கள், "யார் யாரோ பேர்" என்கிறோம்.

1966 நவம்பரில் தோற்றார்கள். ஆனால் 20 சதவீதத்தைத் தாண்டிக் கட்சி அங்கீகாரம் வாங்கினார்கள். அதே தேர்தலில் அங்கிருந்து கிழக்கே மேக்கன் கவுண்டியில் லூசியஸ் அமெர்சன் வென்று, தெற்கு மாநிலங்களில் நெடுங்காலத்துக்குப் பிறகு வந்த முதல் கறுப்பின ஷெரீஃப் ஆனார். லவுண்டஸில் அது 1970இல் நடந்தது. பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி 1965இல் கோர்ட் வாசலில் நின்ற ஜான் ஹியூலெட், ஐந்தே வருடத்தில் அதே கவுண்டிக்கு ஷெரீஃப் ஆனார். பேட்ஜ் யாருக்குக் கொடுப்பது என்பதை அப்புறம் 22 வருடம் அவர் முடிவு செய்தார். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். நிலம் பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தது, வறுமை இன்றுவரை போகவில்லை. ஷெரீஃப் மாறினால் மாறக்கூடியது எது என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

அந்தக் கூடாரங்கள் இருந்த இடத்தில் இப்போது தேசியப் பூங்காத் துறையின் காட்சியகம் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை செல்மா போகும்போது ஒரு மணி நேரம் அங்கே இறங்குங்கள். பிள்ளைகளும் பார்க்கட்டும். பக்கத்திலேயே கழிப்பறையும் நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சின்ன அலுவலகங்களின் வேலை எவ்வளவு வெளிப்படையானது, ஆபத்தானது என்பதற்கும் அதே ஹேன்வில்தான் சாட்சி. 2019 நவம்பர் 23, சனிக்கிழமை இரவு, அப்போதைய லவுண்டஸ் ஷெரீஃப் ஜான் வில்லியம்ஸ் ஒரு பெட்ரோல் பங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'பிக் ஜான்' என்றுதான் ஊரில் அழைப்பார்கள். பெரிய நகரத்து அதிகாரி சனிக்கிழமை இரவில் பங்குக்கு வருவாரா? சின்ன கவுண்டியில் ஷெரீஃப்பே வருவார். அவர்களை மதிக்க வேண்டியதற்கும் இது காரணம், கேள்வி கேட்க வேண்டியதற்கும் இதே நெருக்கம்தான் காரணம்.

இனி பணம். வரலாறு பழசு என்று நினைப்பவர்கள் இதைப் படியுங்கள். ஜெயிலில் கைதிக்குச் சாப்பாடு போட மாநிலம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர் கொடுத்தது. சாப்பாடு போட்டது போக மிச்சம் இருந்தால் ஷெரீஃப் தன் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பழைய சட்டத்துக்குப் பல ஷெரீஃப்கள் பொருள் சொல்லி வந்தார்கள். மார்கன் கவுண்டி ஷெரீஃப் மூன்று வருடத்தில் 2,12,000 டாலர் மிச்சம் பிடித்தார். ஒரு லாரி நிறைய 'கார்ன் டாக்', அதாவது சோளமாவில் தோய்த்துப் பொரித்த குச்சி சாசேஜ், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வாரக்கணக்கில் அதையே போட்டிருக்கிறார்கள். 2009 ஜனவரியில் மத்திய நீதிபதி ஒருவர் அந்த ஷெரீஃப்பையே பிடித்து ஒரு ராத்திரி உள்ளே வைத்தார். அப்போதும் சட்டம் மாறவில்லை. 2018இல் எட்டோவா கவுண்டி ஷெரீஃப் இதே சாப்பாட்டுக் கணக்கிலிருந்து ஏழு லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டதும், கடற்கரையில் வீடு வாங்கியதும் செய்தியாயின. எல்லாம் சட்டப்படிதான் என்றார் அவர். அந்த ஜூன் மாத முதல்நிலைத் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் சட்டசபை அந்த வழியை அடைத்தது.

நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மன்றோ என்று இன்னொரு சின்ன கவுண்டி. வால்டர் மக்மிலியன் என்பவர் செய்யாத கொலைக்கு மரண தண்டனைக் கொட்டடியில் ஆறு வருடம் கிடந்து 1993இல் விடுதலையானார். கவுண்டி மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1997இல், அலபாமா ஷெரீஃப் சட்டம் ஒழுங்கு வேலை செய்யும்போது அவர் மாநில அதிகாரி, கவுண்டியின் ஆள் அல்ல, ஆகவே கவுண்டி பொறுப்பாகாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தேர்ந்தெடுப்பது கவுண்டி, செலவுக்குப் பணம் தருவது கவுண்டி, ஆனால் பொறுப்பு கவுண்டிக்கு இல்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டியது 1901 மாநில அரசியல் சட்டம். கும்பல் கைதியை இழுத்துப்போய்க் கொல்லும்போது கைகட்டி நின்ற ஷெரீஃப்களை மாநிலத்துக்குக் கட்டுப்படுத்துவதற்காக எழுதிய பிரிவுகள் அவை. கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்த அதே அரசியல் சட்டத்தில்தான் அவையும் இருந்தன. மக்மிலியன் வழக்கின் அந்த ஷெரீஃப் அப்புறமும் தேர்தலுக்குத் தேர்தல் வென்று நீண்ட காலம் பதவியில் இருந்தார்.

ஆக, கவர்னர் மாற்ற முடியாது, கவுண்டி கமிஷன் வேலையை விட்டு எடுக்க முடியாது, வழக்கு வழுக்கிக்கொண்டு போகும். நம் கையில் இருப்பது அந்த ஒரு வட்டம்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். பல சின்ன கவுண்டிகளில் நவம்பரில் ஷெரீஃப்புக்கு எதிராக யாரும் நிற்பதே இல்லை. உண்மையான போட்டி மே மாதத்திலேயே முடிந்துவிடும். அலபாமாவில் கட்சி உறுப்பினராகப் பதிவு செய்ய வேண்டியதில்லை, முதல்நிலைத் தேர்தலன்று எந்தக் கட்சியின் தாள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "நான் நவம்பரில் போடுகிறேன்" என்று சொல்லும் அண்ணன்மார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு சின்ன கவுண்டியின் முதல்நிலைத் தேர்தலில் நம் பத்துக் குடும்பம் என்பது சின்ன எண்ணிக்கை அல்ல.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரைத் திருநாளுக்கு நம் பக்கத்துக் கவுண்டிகளில் ஷெரீஃப்புக்கு நிற்பவர்கள் அனைவரையும் அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைத்தால் சங்கத்துக்கு அரசியல் சாயம் வந்துவிடும், அதனால் எல்லாரையும். பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருபது நிமிடம் போதும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், இரவு ஷிஃப்டில் எத்தனை டெபுடி ரோட்டில் இருப்பார்கள் என்று கேட்போம். சம்பளமில்லாத துணை டெபுடிகள் எத்தனை பேர், அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேட்போம். ஜெயில் சாப்பாட்டுக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், ஜெயிலில் ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன ஏற்பாடு என்று கேட்போம். 2023 ஜனவரியிலிருந்து கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டு கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. அந்தச் சீட்டுக் கட்டணத்தை நம்பி வண்டியும் வயர்லெஸும் வாங்கிக்கொண்டிருந்த சின்ன அலுவலகங்கள் இப்போது என்ன செய்கின்றன என்பதும் நல்ல கேள்விதான். பதில் சொல்லத் தெரிந்தவர் யார், சிரித்து மழுப்புபவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மாதிரி வாக்குச்சீட்டைத் தேர்தலுக்கு முன்பே வெளியிடுவார்கள். வந்ததும் கவுண்டிவாரியாக அச்சடித்து வைக்கிறேன். மே மாதம் முதல் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். வருபவர்கள் உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராகப் பார்த்துவிட்டுப் போகலாம். யாருக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், கேட்கவும் மாட்டேன்.

இன்னொன்று. தாளுக்குப் பின்பக்கமும் உண்டு. சென்ற முறை நானே திருப்பிப் பார்க்காமல் மெஷினில் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
80ஆம் நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்